பல்லுக்குப் பழைய இடம் தெரியும்

அயனாவரம், சென்னை
10.6.84

அன்புள்ள அக்கா அபிதகுசாம்பாள் அவர்களுக்கு, தங்கை தெய்வநாயகி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் அவரும், எங்ககிட்ட தங்கிப் படிக்கிற உன் மகள் பூங்காவனமும் சுகம். ஆரணியில் நீயும் மாமாவும் எப்படி இருக்கீங்க? முழங்காலுக்குக் கொடுத்தனுப்பின தைலத்தைத் தேய்க்கிறியா, இல்லை அலமாரியில் பூட்டி வச்சு அதுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டுறியா?

நல்ல சேதிதான். பூங்காவின் பல்லில் இருந்த கிளிப்பை வியாழக்கிழமை கழற்றிட்டாங்க. ரெண்டு வருஷமா கம்பியும் கொக்கியுமா இருந்த வாய். கண்ணாடி முன்னாடி நின்னு நாக்கால தடவித் தடவிப் பார்த்து, "சித்தி, வாய்க்குள்ள வழுக்குது சித்தி"ன்னு சொல்லிச் சிரிக்கிறா. முன்பல் ரெண்டும் வெளியே நீட்டிகினு இருந்த இருப்பு உனக்கே தெரியும். இப்போ கட்டிவிட்ட பூ மாதிரி வரிசையா இருக்கு. இவர் சும்மா இருப்பாரா, "இனிமே கல்யாணப் பந்தியில இவளுக்கு முறுக்கு கடிக்கத் தடை இல்ல"ன்னு கிண்டல்.

ஆனா டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க. கிளிப்பைக் கழற்றினதோட வேலை முடியலையாம். "பல்லைத் தள்ளி வச்சிருக்கோம், அடியில எலும்பு இன்னும் கெட்டிப்படல. பல்லுக்குப் பழைய இடம் தெரியும். காவல் இல்லேன்னா நடந்து அங்கேயே போயிடும்"னாங்க. அந்தக் காவலில் ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, மேலண்ணத்தில் பொருந்துற மாதிரி ரோஸ் கலர் பிளேட்டு, முன்னால ஒரு கம்பி. நாமே மாட்டலாம், கழற்றலாம். இன்னொண்ணு, பல்லுக்குப் பின்பக்கம் மெல்லிசா ஒரு கம்பியை வச்சு ஒட்டிடுவாங்க. வெளியே தெரியாது, ஆனா நாம கழற்ற முடியாது. எது வேணும்னு வீட்டுல கேட்டுச் சொல்லுங்கன்னாங்க.

என்னைக் கேட்டா ஒட்டுற கம்பிதான் தேவலாம். ஆனா பெத்தவ நீ. உடனே எழுது.

உன் தங்கை,
தெய்வநாயகி

*

உ
ரேணுகாம்பாள் துணை

ஆரணி
15.6.84

சௌபாக்கியவதி தங்கச்சி தெய்வநாயகிக்கு அக்கா ஆசீர்வாதம். நீயும் உன் வீட்டுக்காரரும் குறைவில்லாம இருக்க அந்தப் படவேட்டு அம்மனை வேண்டிக்கிறேன். நாங்க சுகம். தைலம் தேய்க்கிறேன். கற்பூரம் எல்லாம் காட்டல.

பூங்கா பல் விஷயம் படிச்சேன். உங்க மாமாகிட்டயும் படிச்சுக் காட்டினேன். அவர் தறியில இருந்து எழுந்திருக்காமலே, "அவளுக்கு எது சுகமோ அது"ன்னுட்டார். அவர் எதுக்கும் அதையேதான் சொல்லுவார்.

நான் யோசிச்சேன். கழற்றி மாட்டுற பிளேட்டே போதும். வாயில ஒட்டின கம்பியோட ஒரு பொண்ணு எப்படி விரதம் இருப்பா? ஒரு பருக்கை அங்கே தங்கினா அன்னைக்குப் பூரா எச்சில் வாய்தானே. கழற்றினோம், கழுவினோம், சாமி கும்பிட்டோம்னு இருக்கணும். கழற்ற முடியாத ஒண்ணை உடம்புல வச்சிக்கிறது எனக்குச் சரியாப் படல. நீ பட்டணத்துல இருக்கிறவ, சிரிப்பே. சிரிச்சிக்கோ.

பரீட்சையும் முடிஞ்சதே, பிளேட்டு தயாரானதும் பூங்காவை அனுப்பி வை. ஆடி வந்தா என் பெரியவ ரேணு போய் நாலு வருஷம். பூங்காவுக்கும் இப்போ அவ வயசு ஆவுது. அந்த மஞ்சக்காமாலை வராம இருந்திருந்தா இந்நேரம் அவளுக்கு ஒரு குழந்தையாவது இருக்கும். படையல் போடப் படம் ஒண்ணு வேணும்னு பெட்டி பூராத் தேடினேன். பள்ளிக்கூடத்துல எடுத்த ஒரே ஒரு குரூப் போட்டோதான் இருக்கு. அதுலயும் வாயை இறுக்கி மூடிகினு நிக்கிறா. சிரிச்ச மாதிரி ஒரு படம் என் பொண்ணுக்குக் கிடையாது. அவ சிரிச்சா எப்படி இருக்கும்னு தெரு பூரா தெரியும், படத்துல இல்ல.

சரி, அதை விடு. மாவடு போட்டிருக்கேன், வர்றவங்ககிட்ட குடுத்தனுப்புறேன். ஜாடியைத் திருப்பி அனுப்பிடு.

அன்புடன்,
அபிதகுசாம்பாள்

*

அயனாவரம்
2.7.84

அக்காவுக்கு வணக்கம். இந்தக் கடுதாசி பூங்கா கையிலயே வருது, அதனால எங்க சுகம் எல்லாம் அவ வாயாலயே கேட்டுக்கோ. அவ சொல்றது புரியலேன்னா பயப்படாதே. பிளேட்டு போட்டா முதல்ல நாக்கு புரளாது. நேத்து தண்ணி லாரிக்காரன்கிட்ட "ஸ்ஸித்தி வீட்டுக்கு ரெண்டு குடம்"னா. அவன் இது எந்த ஊர்ப் பொண்ணுன்னு கேட்டான். பத்து நாள்ல சரியாயிடுமாம்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதறேன், கவனமாப் படி. ராத்திரி பகல் எப்பவும் வாயில இருக்கணும். சாப்பிடறப்பவும் பல் விளக்கறப்பவும் மட்டும் கழற்றலாம். கழற்றினா உடனே அதோட டப்பாவுக்குள்ள. காகிதத்துல சுத்தி வச்சா குப்பையோட போயிடும், முந்தானையில முடிஞ்சா உடைஞ்சிடும். பச்சைத் தண்ணியில மெத்துனு ஒரு பிரஷ் வச்சுத் தேய்ச்சாப் போதும். பல்பொடி போட்டுத் தேய்க்காதே, கீறல் விழுந்து நாத்தம் பிடிக்கும். வெயில்ல வைக்காதே. வெந்நீர் மட்டும் கூடவே கூடாது அக்கா, வளைஞ்சிடும். ஒரு வருஷம் இப்படி. அதுக்கப்புறம் ராத்திரியில மட்டும்.

உன்னை எனக்குத் தெரியும். அதனாலதான் வெந்நீருக்குக் கீழே கோடு போட்டிருக்கேன்.

தெய்வநாயகி

*

உ
ரேணுகாம்பாள் துணை

ஆரணி
5.8.84

தங்கச்சி தெய்வநாயகிக்கு ஆசீர்வாதம். இங்க எல்லாரும் சௌக்கியம். அங்க மழை உண்டா, தண்ணிக் கஷ்டம் தீர்ந்துதா?

பூங்கா வந்து வீடு வீடா இருக்கு. பல்லைப் பார்க்கத் தெருவே வந்துட்டுப் போச்சு. பக்கத்து வீட்டு விருத்தாம்பா வாயைத் தொறக்கச் சொல்லி உள்ள எட்டிப் பார்த்து, "அடியம்மா, உங்கப்பன் நெய்யற பார்டர்கூட இத்தனை நேரா வராது"ன்னா. உங்க மாமாவுக்குக் கோவம். ஒரு பொழுது முழுக்க அவகிட்ட பேசல.

தெய்வா, திட்டாம படி. பிளேட்டு வீணாயிடுச்சு.

ஆடி அமாவாசை அன்னைக்கு ரேணுவுக்குப் படையல். வீடு கழுவி, பாத்திரம் எல்லாம் புளி போட்டு விளக்கி, எச்சில் பட்ட சாமானை எல்லாம் தனியா எடுத்து வச்சேன். இதுவும் வாயில இருந்து வர்ற சாமான்தானே. நீ கோடு போட்டது ஞாபகம் இல்லாம இல்ல. ஆனா பச்சைத் தண்ணியில அலசினா எச்சில் போவுமா? பட்டு நூலையே சோடாத் தண்ணியில கொதிக்க வச்சுத்தான் பசை எடுக்கிறோம். கொதிச்சாத்தான் சுத்தம்னு இந்த வீட்டுல எல்லார் கைக்கும் பழக்கம். பின்கட்டு அடுப்புல நூலுக்குக் காய்ஞ்சுகினு இருந்த தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தேன், அவ்வளவுதான். வெத்தல மாதிரி சுருண்டுபோச்சு. அவ வாயில வச்சுப் பார்த்தா ஒரு பக்கம் தூக்கிகினு நிக்குது, ஈறு கிழிஞ்சு ரத்தம். பூங்கா அதைத் தொடைச்சிகினு, "போவுதும்மா"ன்னா. அவளும் அவ அப்பன் மாதிரிதான்.

என்ன செய்யணும்னு எழுது.

அபிதகுசாம்பாள்

*

அயனாவரம்
11.8.84

அக்காவுக்கு வணக்கம். சுகம் விசாரிக்கிற மனநிலையில நான் இல்ல, இருந்தாலும் முழங்கால் எப்படி இருக்கு?

திட்டாம எழுதறேன். நான் கோடு போட்டதுக்குப் பதிலா அந்த வார்த்தையைச் சுத்தி அம்மன் படம் ஒட்டியிருக்கணும். இவர் படிச்சிட்டு, "நல்லவேளை, உங்க அக்கா பூங்காவைக் கொதிக்க வைக்கல"ன்னார்.

டாக்டரம்மாகிட்ட போய்ச் சொன்னேன். அவங்க சிரிக்கல. "உடனே கூட்டிட்டு வாங்க, அளவு எடுத்துப் புதுசு செய்யணும். நாம யோசிக்கிற வரைக்கும் பல் காத்துகினு இருக்காது"ன்னாங்க. பஸ்ஸுல ஏறினா மத்தியானத்துக்குள்ள இங்க இருக்கலாம். மாமாவுக்கு வேலைன்னா நீயே கூட்டிகினு வா. நான் பாரிஸ் கார்னர் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்.

தெய்வநாயகி

*

உ
ரேணுகாம்பாள் துணை

ஆரணி
30.9.84

தங்கச்சி தெய்வநாயகிக்கு. எல்லாரும் சுகம், உங்க சுகத்துக்கு எழுதவும்.

பதில் எழுத நாளாயிடுச்சு. தீபாவளிப் புடவை உருப்படி கேட்டு முதலாளி வீட்டு ஆள் தினம் வந்து நிக்கிறான். தறி நின்னா பேச்சு வாங்கணும். பூங்காதான் அப்பாவுக்குத் தார்க்குச்சியில நூல் சுத்திக் குடுக்கிறா. நான் மட்டும் அவளைக் கூட்டிகினு கிளம்பினா இவருக்குச் சோறு யார் போடுறது? நவராத்திரி வேற. கொலு முடியட்டும், தீபாவளி போவட்டும்.

பல் ஒண்ணும் பெரிசா நகரல. ரொம்பக் கொஞ்சம். உத்துப் பார்த்தாத்தான் தெரியுது.

போன வெள்ளிக்கிழமை விருத்தாம்பா புருஷன் தறிக்குழியில எறங்கறப்ப வேட்டி மாட்டிகினு அப்படியே நின்னுட்டார், கீழேயும் போவ முடியல, மேலேயும் வர முடியல. அந்தக் கதையை விருத்தாம்பா வந்து அபிநயத்தோட சொல்றா. பூங்கா சிரிச்சா. நான் முத்தத்துல அரிசி களைஞ்சுகினு இருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். பாதி அரிசி தண்ணியோட சாக்கடைக்குப் போயிடுச்சு. விருத்தாம்பாவும் பேச்சை நிறுத்திட்டா. என்னைப் பார்த்தா. அப்புறம் ரெண்டு பேரும் பூங்கா வாயைத்தான் பார்த்தோம்.

வேற விசேஷம் இல்ல. உனக்கு இன்னும் ஒண்ணு எழுதணும்னு உக்காந்தேன். வேணாம்.

அபிதகுசாம்பாள்

*

அயனாவரம்
25.11.84

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மாமாவும் பூங்காவும் நல்லபடியா ஊர் வந்து சேர்ந்தாங்களா?

நான் எழுதி எழுதிக் கை ஓய்ஞ்ச பிறகு, மாமா உருப்படி குடுக்க வந்த சாக்குல அவளையும் கூட்டிகினு வந்தாரே, அதுக்கே அவருக்கு ஒரு நமஸ்காரம். அளவு எடுத்துப் புதுப் பிளேட்டும் போட்டாச்சு. முன்பல் ரெண்டும் லேசா வெளியே வந்திருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. "பரவாயில்ல, இதோட நிக்கட்டும். ஆனா இன்னொரு தரம் விட்டா பிளேட்டால பிடிக்க முடியாது, மறுபடி கிளிப்தான்"னாங்க. பழைய வழிமுறைதான் எல்லாம். மறுபடி எழுதல, உனக்கு மனப்பாடம்.

மாமா சொன்னார், நீ இப்போ வேளைக்கு உக்காந்து சாப்பிடறியாம். பாட்டுக்கூடப் பாடறியாம், ரேணு போனதுக்கப்புறம் பாடாதவ. கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அக்கா, நீ நல்லா இருந்தாப் போதும்.

ஆனா பூங்கா என்னமோ மாதிரி இருந்தா. டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போடறியான்னு கேட்டா, "அம்மாவைக் கேக்கணும்"ங்கிறா. வளவளன்னு பேசுறவ. என்ன விஷயம்?

தெய்வநாயகி

*

உ
ரேணுகாம்பாள் துணை

ஆரணி
12.12.84

தங்கச்சிக்கு ஆசீர்வாதம். சுகம். தீபத்தன்னைக்கு மாடியில இருந்து பார்த்தா திருவண்ணாமலைப் பக்கம் வானம் லேசா செவந்து தெரிஞ்சது. உனக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

நீ கவலைப்படாதே. ரேணு பிளேட்டை ஒழுங்காப் போட்டுகினுதான் இருக்கா. நல்லாச் சாப்பிடறா, நல்லாத் தூங்கறா. டிரெயினிங் எல்லாம் இப்போ எதுக்கு, வீட்டுல இருக்கட்டும். என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்.

கை வேலை இருக்கு.

அபிதகுசாம்பாள்

*

ஆரணி
20.1.85

அன்புள்ள சித்திக்கு, பூங்காவனம் எழுதிக்கொள்வது. உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பொங்கல் நல்லபடியா முடிஞ்சதா? இங்கே அப்பா அம்மா சௌக்கியம். இதை விருத்தாம்பா அத்தைகிட்ட குடுத்துத் தபால்ல போடறேன். எனக்குப் பதில் போட வேணாம் சித்தி, அம்மா கைக்குத்தான் வரும்.

பிளேட்டு என்கிட்ட இல்ல. நான் சென்னையில இருந்து வந்த மறுநாளே, "அமாவாசை வருது, கழற்றி வை"ன்னு டப்பாவை அம்மா வாங்கி வச்சிக்கினாங்க. அப்புறம் கார்த்திகைன்னாங்க. அப்புறம் மார்கழி பூரா கோயிலுக்குப் போவணும், வாய் சுத்தமா இருக்கணும்னாங்க. பொங்கலும் முடிஞ்சுது. கேட்டா, "இருடி, எங்க போவப்போவுது"ங்கிறாங்க. ஒரு நாள் அப்பா கேட்டார். அம்மா அவருக்கு ரெண்டாவது தரம் ரசம் ஊத்திட்டு உள்ள போயிட்டாங்க. அவர் அதோட விட்டுட்டார்.

எப்படி எழுதறதுன்னு தெரியல சித்தி. பல் வெளியே வர வர அம்மா என்னைப் பார்த்துகினே இருக்காங்க. அடுப்புகிட்ட இருந்தாலும், பூ கட்டினாலும் பார்க்கிறாங்க. "சிரியேன்"ங்கிறாங்க. விருத்தாம்பா அத்தையைக் கூப்பிட்டு எதாவது சிரிப்புக் கதை சொல்லச் சொல்றாங்க. அத்தை முதல்ல எல்லாம் சொன்னாங்க. இப்போ எங்க வீட்டுப் பக்கம் வர்றதையே குறைச்சிட்டாங்க. அக்காவோட பச்சைத் தாவணியை எடுத்து, வீணாப் போவுதேன்னு கட்டிக்கச் சொன்னாங்க. அதைக் கட்டிகினு நான் கூடத்துல வந்து நின்னப்ப அப்பா தறியில இருந்து எழுந்து வெளிய போயிட்டார். பொழுது சாய்ஞ்சுதான் வந்தார்.

அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. "ஏ பொண்ணே"ங்கிறாங்க. எங்க பேர் மாறி வந்திடுமோன்னு அவங்களே பயப்படறாங்க போல.

ஆனா சித்தி, அம்மா சாப்பிடறாங்க. நாலு வருஷமா அரைச் சோறு தின்னவங்க. பூசையில வாய் விட்டுப் பாடறாங்க. நான் பிளேட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுட்டா அதெல்லாம் போயிடுமேன்னு இருக்கு. அதான் நானும் சும்மா இருக்கேன். கண்ணாடியில பார்த்தா அக்காதான் தெரியுது. முதல்ல பயமா இருந்துச்சு. இப்போ பயமா இல்ல, அவளைப் பார்த்து நானே சிரிக்கிறேன். பயம் போயிடுச்சேங்கிறதுதான் எனக்கு இப்போ பயம்.

நான் கொஞ்ச நாள்ல எங்க இருப்பேன் சித்தி?

பூங்காவனம்

*

அயனாவரம்
2.2.85

அன்புள்ள அக்காவுக்கு, தெய்வநாயகி வணக்கம். நாங்க சுகம். நீ சாப்பிடறேன்னு கேட்டதுல இருந்து எனக்கும் ஒரு கவளம் கூட இறங்குது. அதை முதல்ல சொல்லிடறேன்.

உன் போன கடுதாசியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். பூங்கா பேர் இருக்க வேண்டிய இடத்துல ரேணு பேர் இருந்தது. நீ கவனிச்சியோ இல்லையோ. உன்னை நான் ஒண்ணும் கேக்கல. எனக்கு ஒண்ணு நினைவுக்கு வந்தது, அதை மட்டும் எழுதறேன்.

ரேணு கடைசியா லீவுக்கு இங்க வந்தாளே, அப்போ அவளுக்கு ஒரு படம் எடுக்கலாம்னு புரசைவாக்கத்துல ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிகினு போனேன். தலை வாரி, கனகாம்பரம் வச்சு உக்கார வச்சாச்சு. படம் எடுக்கிறவர், "எங்க, சிரிம்மா"ன்னார். இவ எழுந்து வெளிய வந்துட்டா. வெயில்ல நின்னுகினு தாவணித் தலைப்பால வாயை மூடிகினு அழறா. பள்ளிக்கூடத்துல அவளைத் தேங்காத்துருவின்னு கூப்பிடுவாங்களாம். உனக்குத் தெரியுமா அக்கா? எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பஸ்ஸுல வர்றப்ப, "சித்தி, பல்லை நேர் பண்ண டாக்டர் இருக்காங்களாமே, எனக்குப் பண்ணுவாங்களா? அம்மாகிட்ட சொல்லாதீங்க, அவங்க குடுத்த மூஞ்சி பிடிக்கலேன்னு வருத்தப்படுவாங்க"ன்னா.

விசாரிக்கிறதுக்குள்ள அவளே போயிட்டா. அதனாலதான் பூங்கா இங்க படிக்க வந்ததும் முதல் வேலையா பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனேன். ரேணு ஆசைப்பட்டுக் கேட்டது அவ தங்கச்சிக்குக் கிடைச்சிருக்கு. பூங்கா வாய்ல இருந்தது ரெண்டு பேரோட ஆசை.

சென்னைக்கு வரச் சங்கடமா இருந்தா வேண்டாம். டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் ஒருத்தர் வேலூர்ல இருக்கார், சிவப்பிரகாசம்னு பேர். விவரம் எல்லாம் எழுதி அவருக்கு ஒரு சீட்டுக் குடுத்திருக்காங்க, இதோட வச்சிருக்கேன். போறதும் போவாததும் உன் கையில.

தெய்வநாயகி

*

கார்டு
அயனாவரம், 10.3.85

அக்காவுக்கு. சுகமா? பதில் இல்லை. கோவமா? நான் எழுதியது தப்பு என்றால் தப்பு என்றாவது ஒரு வரி எழுது. மாமாவையாவது போடச் சொல்.
தெ.

*

உ
ரேணுகாம்பாள் துணை

ஆரணி
4.4.85

தங்கச்சி தெய்வநாயகிக்கு அக்கா ஆசீர்வாதம். நாங்க இருக்கோம். உன் கார்டு வந்துது. கோவம் இல்ல.

நீ எழுதினதைப் படிச்சிட்டு மாசக்கணக்கா ஒண்ணும் எழுத வரல. முதல்ல உன்மேல ஆத்திரம்தான் வந்துது. பொய் எழுதறான்னு நெனச்சேன். என் பொண்ணு வாயை மூடிகினா சிரிப்பா? இந்த வீட்டுல, அந்த நடையில நின்னுகினு, தெருக்கோடி வரைக்கும் கேக்கச் சிரிப்பாளே. தலைப்பைக் கொண்டு மூடி நான் பார்த்ததே இல்லையேன்னு விருத்தாம்பாகிட்ட போய்க் கேட்டேன். அவ முறத்தைக் கீழ வச்சிட்டுச் சொன்னா, "அக்கா, உன் எதிர்ல மட்டும்தான் அவ அப்படிச் சிரிப்பா. நாங்க யாராவது உள்ள வந்தா கை வாய்க்குப் போயிடும்"னு.

எனக்கு மட்டும் காட்டினதை நான் தெரு பூரா தெரியும்னு எழுதியிருக்கேன் பாரு.

உங்க மாமாகிட்ட சொல்லிட்டு நானும் பூங்காவும் மட்டும் வேலூருக்குப் போனோம். முதல் தரம் அளவு எடுத்தார். நேத்து மறுபடி போனோம். அந்த டாக்டர் சிவப்பிரகாசம் வயசானவர், பொறுமையாப் பேசறார். "இது எப்படிம்மா இத்தனை சீக்கிரம் திரும்பிச்சு? பிளேட்டு போடலையா?"ன்னு பூங்காவைக் கேட்டார். அவ என் பக்கம் திரும்பாமலே, "நான்தான் சார் சரியாப் போடல"ன்னா. நான் குறுக்க பேசணும்னு வாயெடுத்தேன். அவ என் கையைப் பிடிச்சு அமுக்கிட்டா.

அவர் ரெண்டு வழி சொன்னார். ஸ்பிரிங் வச்ச பிளேட்டால மெதுவாத் தள்ளலாம், வீட்டுல கழற்றி மாட்டிக்கலாம். இல்லேன்னா மறுபடி கிளிப் ஒட்டி நேராக்கிட்டு, அப்புறம் பின்பக்கம் கம்பியை ஒட்டிடலாம். கம்பின்னா கடைசி வரைக்கும் இருந்தாலும் இருக்கும், கரும்பு கடிக்கக் கூடாது, நூல் விட்டுச் சுத்தம் பண்ணணும், கஷ்டம்தான்னார். "எங்க ஊர்ல நூலுக்குப் பஞ்சமில்ல சார்"ன்னா பூங்கா. அவ கிண்டல் பேசி எத்தனை நாளாச்சு.

நான் சொன்னேன், "கழற்ற முடியாததையே போடுங்க சார். என் கையில எதையும் குடுத்தனுப்பாதீங்க." அவர் ஏன்னு கேக்கல.

நாற்காலியில சாய்ஞ்சு உக்காந்துட்டு, விளக்கை மூஞ்சி மேல திருப்பறதுக்கு முன்னாடி, பூங்கா என்னைக் கூப்பிட்டா. "அம்மா, கிட்ட வா. கிளிப் போட்டுட்டா அப்புறம் இல்ல. ஒரு தரம் பார்த்துக்கறியா?" அதைச் சொல்றப்பவே உதடு பிரியுது. சிரிக்கத் தயாரா இருக்கா. எனக்காக அதையும் செய்யத் தயாரா இருக்கா, தெய்வா. டாக்டர் கையில சாமானை வச்சுகினு காத்துகினு நிக்கிறார்.

பார்த்திருந்தேன்னா போட விட்டிருக்க மாட்டேன். எழுந்து கூட்டிகினு வந்திருப்பேன்.

"வேணாம் பூங்காவனம்"னேன். "வாயை நல்லாத் தொற. டாக்டர் பார்க்கட்டும்."

அவ பேரைச் சொன்னதும் அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வலிக்குதாம்மான்னு டாக்டர் கேட்டார், இன்னும் ஒண்ணுமே பண்ணாம.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல கூட்டம். அவளை ஜன்னல் ஓரமா உக்கார வச்சு நான் இந்தப் பக்கம் உக்காந்தேன். பல் எல்லாம் வலின்னு எதுவும் சாப்பிடல. கண்ணமங்கலம் தாண்டினதும் என் தோள்ல சாய்ஞ்சு தூங்கிட்டா. தூக்கத்துல வாய் லேசாத் தொறந்துகிச்சு. கம்பிக்கு நடுவுல அந்த ரெண்டு பல்லும் இன்னும் அங்கேயேதான் இருக்கு. மாசக்கணக்கா ஆவுமாம் உள்ள போவ. தலையைத் திருப்பினாப் போதும், பார்த்துகினே வரலாம். யாரும் கேக்க மாட்டாங்க.

நான் முந்தானையை எடுத்து அவ வாயை மூடிவிட்டேன். ஊர் வர்ற வரைக்கும் டிரைவர் முதுகையே பார்த்துகினு வந்தேன்.

டிரெயினிங் மனு எப்போ குடுக்கிறாங்கன்னு விசாரிச்சு எழுது. அவளுக்கே தனியா எழுது, கவர்ல அவ பேரைப் போட்டு. வந்தா நான் பிரிக்க மாட்டேன்.

நீயும் உன் வீட்டுக்காரரும் நோய் நொடியில்லாம இருக்கணும்.

அக்கா,
அபிதகுசாம்பாள்